வழி கேட்கும் அட்டை

சேரன்மகாதேவி
28 அக்டோபர் 2024

திரு. வன்னியராஜ் அவர்களுக்கு,

"அன்புள்ள" என்று தொடங்கப் பார்த்தேன். கை வரவில்லை.

உங்கள் எண்ணை என் கைபேசியில் தடை செய்துவிட்டேன். "ஸாரிக்கா" என்று ஒரு செய்தி, "பேசலாமா" என்று இன்னொன்று, அதன் பின்னால் கைகூப்பும் ஒரு பொம்மை. இப்படித் துண்டு துண்டாக வருவதைப் பார்த்தாலே குமட்டுகிறது. சொல்ல ஏதாவது இருந்தால் காகிதத்தில் முதலிலிருந்து கடைசிவரை கோவையாக எழுதிக் கொடுங்கள். சுஜின் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம் விட்டதும் தச்சநல்லூர் வந்து வாங்கிக்கொள்வார். என் கணவரைத் தபால்காரர் ஆக்கியதற்கு அவருக்கு ஒன்றும் வருத்தமில்லை.

நான் வேலையை விட்டதற்கு அலுவலகத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்களாம். வயலில் நஷ்டம் என்கிறாள் ஒருத்தி. சம்பளம் போதவில்லை என்கிறான் இன்னொருவன். உங்களுக்காவது சரியான காரணம் தெரியட்டும். நான் விட்டது ஒரு புகைப்படத்தைப் பார்த்து.

போன திங்கட்கிழமை நம் முதலாளி அப்பாத்துரை அண்ணாச்சி சுவர் முழுக்க மஞ்சள், பச்சை, ரோஸ் அட்டைகளை ஒட்டவைத்து, மதுரையிலிருந்து வந்திருந்த முதலீட்டாளரை நடுவில் நிற்கவைத்துப் படம் எடுத்தாரே, அதுதான். கீழே "கதிர் செயலி: ஸ்டோரி மேப்பிங் செய்யும் எங்கள் அணி" என்று எழுதிப் போட்டிருந்தார். ஓரத்தில் நீங்கள் கையில் மார்க்கரோடு பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

அதே சுவரைத்தான் ஜூன் மாதம் நான் உங்களிடம் கேட்டேன். அறுவடை இயந்திரம் வாடகைக்கு எடுக்கும் செயலி செய்யப்போகிறோம், விவசாயி கதிர் முற்றியதைப் பார்க்கிற நேரம் தொடங்கி நெல் களத்துக்கு வந்து சேருகிறவரை என்னென்ன செய்கிறான் என்று இடமிருந்து வலமாக அடுக்கிப் பார்ப்போம், ஒவ்வொன்றின் கீழும் நாம் செய்ய வேண்டியதை ஒட்டுவோம், பிறகு குறுக்கே ஒரு கோடு போட்டு முதல் வெளியீட்டுக்கு எது போதும் என்று முடிவு செய்வோம் என்றேன். இரண்டு நாள் கேட்டேன். ஆடிக்குள் வெளிவந்தாக வேண்டும், பேக்லாக் பட்டியலில் எல்லா வேலையும் இருக்கிறது, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முடிப்போம் என்றீர்கள்.

முடித்தீர்கள். முன்பணம் முதலில் கட்டியவருக்கு முதலில் வண்டி. வரைபடத்தில் ஒவ்வொரு வயலும் ஒரு புள்ளி. புள்ளிக்கு வரப்பு கிடையாது, பக்கத்து வயல் கிடையாது. நான் உட்கார்ந்து சோதித்தேன், எல்லாப் புள்ளிக்கும் வண்டி போனது.

கார் பருவ நெல் அறுப்புக்கு நானே முதல் ஆளாகப் பணம் கட்டினேன், பெருமையாக. எங்கள் வயல் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்வயல். ரோட்டிலிருந்து போக வேண்டுமானால் சுடலைவடிவு அக்காவின் வயலைத் தாண்டித்தான் போகவேண்டும். அவள் கதிர் அப்போது பச்சை. அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் வண்டி வந்தது. நேரத்துக்குப் போகாவிட்டால் ஓட்டுநருக்கு நட்சத்திரம் குறையும் என்று நாம்தானே வைத்தோம்? அவர் அவள் பயிர்மேல் ஏற்றிவிட்டார். பால் பிடித்த கதிர் பட்டைச் சக்கரத்தில் நசுங்கிக் கூழாகிக் கிடந்தது. ஊர் கூடி வண்டியை மறித்தது. பேச்சு முடியுமுன் மழை பிடித்துக்கொண்டது. அவள் வயலும் சாய்ந்தது, எங்கள் வயலும் சாய்ந்தது. இப்போது சாய்ந்த கதிரிலேயே நெல் முளைத்து, அந்தப் பக்கம் போனால் நாற்றம் தாங்க முடியவில்லை.

அந்த நாற்றத்தோடு வீட்டுக்கு வந்து கைபேசியைத் திறந்தால் உங்கள் சிரிப்பு. சீ என்றாகிவிட்டது.

டார்லின்


தச்சநல்லூர்
4 நவம்பர் 2024

அக்கா,

என்னைத் "திரு" போட்டுக் கூப்பிட்டது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நாலு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். உங்கள் மீன்குழம்புக்காக நான் எத்தனை ஸ்டாண்ட்-அப் கூட்டத்தைச் சீக்கிரம் முடித்திருக்கிறேன்.

கோவையாக எழுதச் சொன்னீர்கள். இது மூன்றாவது காகிதம், முதல் இரண்டும் கிழிந்துவிட்டன.

சிரித்தது தப்பு. அண்ணாச்சி "சிரிலே" என்றார், சிரித்தேன். அந்தப் படத்தைப் பார்க்க எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நீங்கள் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். நானும் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், கோபித்தாலும் பரவாயில்லை.

ஜூனில் நீங்கள் சுவரைக் கேட்டபோது அணியில் ஒருவரும் உங்கள் பக்கம் நிற்கவில்லையே, ஏன் என்று யோசித்தீர்களா? போன வருஷம் கடைக்காரர்களுக்கான செயலியில், ரசீதில் கடை முகவரியை மேலே ஏற்ற வேண்டும் என்று ஒரு சின்ன வேலை வந்தது. அரை நாள் வேலை. அதற்கும் சுவரில் ஒட்டிப் பார்த்துத்தான் செய்யவேண்டும் என்று எங்களை மூன்று நாள் நிற்கவைத்தீர்கள். வாங்குபவர் கடைக்குள் நுழைகிறார், பொருளை எடுக்கிறார், பையைத் திறக்கிறார் என்று அட்டை எழுதி எழுதி எங்களுக்கு வெறுத்துப் போய்விட்டது. வாரக்கடைசியில் நம் அணி ஷிபின் அந்த அட்டைகளில் சீட்டாடினான். அதனால்தான் நிஜமாகவே தேவைப்பட்ட இடத்தில் நீங்கள் கேட்டபோது, அக்கா மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க என்றுதான் எல்லாருக்கும் தோன்றியது. எனக்கும்.

இன்னொன்று. உள்வயலுக்குப் போகும் வரிசை உங்களுக்கே தெரியவில்லை. உங்கள் சொந்த வயல். நான் தச்சநல்லூரில் பலசரக்குக் கடைக்காரர் மகன், அரிசியை மூட்டையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு எப்படித் தெரியும்?

சுடலைவடிவு அக்கா எப்படி இருக்கிறார்? கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

வன்னியராஜ்


சேரன்மகாதேவி
11 நவம்பர் 2024

வன்னியராஜ்,

சீட்டாடினான் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பயலை நான் பார்க்கும்போது பேசிக்கொள்கிறேன்.

ரசீது விஷயம் நீ சொன்னது சரி. ஒரே இடத்தில் ஒரே மாற்றம், எல்லாருக்கும் தெரிந்த வேலை. அதற்குச் சுவர் வேண்டியதில்லை, நேராகச் செய்துவிட்டுப் போயிருக்கலாம். அன்றைக்கு நான் பிடிவாதம் பிடித்தேன். அதை வைத்து ஜூனில் நீ செய்ததைப் பூசி மெழுகாதே.

எனக்கே தெரியவில்லை என்கிறாய். ஆமாம், தெரியவில்லை. நான் பாளையங்கோட்டைக்காரி, மிஷன் பள்ளிக்கூட வளாகத்துக்குள் வளர்ந்தவள். மாமனார் இருந்தவரை வயலை அவர் பார்த்தார், சுஜினுக்குச் சாக்பீஸ் தவிர வேறொன்றும் பிடிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, அண்ணாச்சிக்கு வண்டி ஓடினால் போதும். அப்போதுதானேடா சுவரில் ஒட்டிப் பார்க்கவேண்டும்? ஒரு வேலை பல கை மாறிப் போகிறது, முதலிலிருந்து கடைசிவரை கதையைச் சொல்ல அறையில் ஒருவராலும் முடியவில்லை, அவரவர் கையில் அவரவர் துண்டு மட்டும் இருக்கிறது என்றால் அதுதான் அதற்கான நேரம். அதுவும் வேலையைப் பட்டியல் போடுமுன். எல்லாம் கட்டி முடித்து, ஒருத்தி பயிரையும் நசுக்கிவிட்டு, அப்புறம் கலர் கலராக ஒட்டிப் படம் எடுத்தால் அதற்குப் பெயர் கண்துடைப்பு.

இங்கே வழக்கம் என்ன என்று இப்போதுதான் ஆளாளுக்குச் சொல்லிக்காட்டுகிறார்கள். முன்வயல் அறுத்த பிறகுதான் உள்வயலுக்கு வண்டி. உள்வயல் முந்தி முற்றிவிட்டால் அந்த வீட்டார் முன்வயல்காரர் வீட்டுக்குப் போய் வழி கேட்க வேண்டும். மனமிருந்தால் அவர்கள் ஓரமாக ஒரு வண்டி அகலத்துக்குக் கதிரைக் கையால் அறுத்து ஒதுக்கி வழிவிடுவார்கள். மாமனார் வருஷாவருஷம் கேட்டிருக்கிறார். நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, பணம் கட்டினேன்.

சுடலைவடிவு அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். நான் பேசி முடிக்கும்வரை நிமிரவில்லை. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. வாத்தியார் வீட்டுக்காரி வண்டி விட்டு ஏத்தினா என்றுதான் ஊரில் பேச்சு. அலுவலகத்தை யாரும் திட்டவில்லை. அவர்களுக்குத் தெரிந்த முகம் என்னுடையதுதான்.

டார்லின்


தச்சநல்லூர்
20 ஜனவரி 2025

அக்கா,

இரண்டு மாதமாக எழுதாததற்குக் காரணம், எழுத நல்லதாக ஒன்று கையில் இருக்கட்டும் என்று காத்திருந்தேன். இருக்கிறது.

பிசானப் பருவ அறுப்புக்கு இந்த ஆற்றங்கரை முழுக்கச் செயலியை விடப்போகிறாராம் அண்ணாச்சி. பாபநாசம் தொடங்கி ஸ்ரீவைகுண்டம்வரை. பொங்கல் விடுமுறைக்கு முந்தின இரண்டு நாள் அவர் கோயம்புத்தூர் போயிருந்தார். நான் பழைய அட்டைகளையெல்லாம் பிய்த்துப் போட்டேன். எல்லாரும் வேலையை நிறுத்துங்கள், ஒருவராவது இந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்றேன்.

ஷிபின் "செயலியைத் திறக்கிறார்" என்று ஆரம்பித்தான். இல்லை, அதற்கு முன்னால் என்றேன். முன்பணத்துக்கு ஏற்பாடு செய்கிறார் என்றான் இன்னொருவன். அதற்கு முன்னால். அப்போதுதான் முத்துராணி வாயைத் திறந்தாள். நமது முத்துராணிதான், ரசீது எழுதும் பகுதியை மட்டும் அவளுக்குக் கொடுத்து மூலையில் உட்காரவைத்திருந்தோமே. அவள் அப்பா பத்தமடையில் பயிர் வைக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"மொதல்ல முன்வயக்காரங்க வீட்டுல போயி வழி கேக்கணும்லா அண்ணே. அது இதுல எங்கன இருக்கு?"

அவள் எழுந்து போய் "வழி கேட்பது" என்று ஓர் அட்டையில் எழுதி எல்லாவற்றுக்கும் இடது பக்கம் ஒட்டினாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லை என்றாள். எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது.

அதன் பிறகு கோடு போட்டோம். முதல் வெளியீட்டில் நட்சத்திரம் வேண்டாம், வரைபடத்தில் ஓடும் வண்டிப் பொம்மை வேண்டாம். வயல்கள் எது முன் எது பின், சொந்தக்காரர் எண் என்ன என்று இருந்தால் போதும். முன்வயல்காரர் தன் கைபேசியில் சரி என்று சொன்ன பிறகுதான் உள்வயல்காரர் பணம் கட்ட முடியும். வேலையே பாதியாகக் குறைந்துவிட்டது அக்கா. ஜூனில் நீங்கள் கேட்ட அந்த இரண்டு நாளை நினைத்தால் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

திரும்பி வாருங்கள். உங்கள் மேஜையை ஷிபின் பிடித்துவைத்திருக்கிறான், காலி செய்ய வைக்கிறேன்.

வன்னியராஜ்


சேரன்மகாதேவி
29 ஜனவரி 2025

தம்பி வன்னியராஜ்,

முத்துராணிக்கு என் அன்பைச் சொல். அந்த அட்டையைப் பற்றிப் படித்தபோது வெகுநாள் கழித்து எனக்கு நல்ல மூச்சு வந்தது.

வேலைக்கு வருவதைப் பற்றி இப்போது கேட்காதே. இங்கே ஒரு கவலை பிடித்து ஆட்டுகிறது. நாங்கள் நட்டு ரொம்ப நாள் கழித்துத்தான் சுடலைவடிவு அக்கா நட்டாள். வேண்டுமென்றே செய்தாள் என்கிறார் சுஜின், இருக்கலாம். எங்கள் கதிர் முற்றி நிற்கும்போது அவள் வயல் பச்சையாகத்தான் இருக்கும். வழி விட்டால் உண்டு, இல்லாவிட்டால் மறுபடியும் வயலிலேயே உதிரும். கார் போய்விட்டது. பிசானமும் போனால் வயலை யாரிடமாவது தள்ளிவிட்டுப் பாளையங்கோட்டைக்கே வந்துவிட வேண்டியதுதான்.

நான் போய் முறையாக வழி கேட்கப்போகிறேன். எப்போது, எப்படி என்றுதான் தெரியவில்லை. அவள் முகத்தை நினைத்தால் கால் நகரவில்லை. கொஞ்சம் ஆறட்டும் என்று பைய நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ போட்ட கோட்டை அண்ணாச்சி அழிக்காமல் பார்த்துக்கொள்.

அக்கா


தச்சநல்லூர்
24 பிப்ரவரி 2025

அக்கா,

அழித்துவிட்டார்.

சுவரைப் பார்த்தார். நல்லா இருக்குலே என்று முதுகில் தட்டினார். முதலீட்டாளருக்கு அனுப்ப மறுபடியும் படம் எடுத்தார். அதன் பிறகு முதல் அட்டையை விரலால் தட்டி, இது என்ன என்று கேட்டார். சொன்னேன். முன்வயல்காரன் சரி சொல்லும்வரை காத்திருந்தால் பாதிப் பேர் பணம் கட்டாமல் போய்விடுவார்கள் என்றார். முன்வயல்காரனிடம் கைபேசியே இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்றார்.

"வழி கேக்குதது அவனவன் பாடுலே. நமக்கு எதுக்கு அந்தத் தலவலி? 'முன்வயக்காரர் சம்மதம் பெற்றுவிட்டேன்'னு ஒரு கட்டம் போட்டு விடு. பணம் கட்டுதவனே டிக் அடிச்சிக்கிடட்டும்."

போட்டோம். ஒரு வாரம் பார்த்துவிட்டு, சிலர் டிக் அடிக்கத் தயங்கி வெளியே போய்விடுகிறார்கள் என்று மறுபடியும் கூப்பிட்டார். இப்போது அந்தக் கட்டம் வரும்போதே டிக்கோடுதான் வருகிறது. அதற்கும் மேலே ஒன்று. பணம் கட்டிய உடனே முன்வயல்காரருக்கு "உங்கள் சம்மதம் பதிவு செய்யப்பட்டது, நன்றி" என்று குறுஞ்செய்தி போகும். பின்னால் சண்டை வந்தால் கையில் ஆதாரம் இருக்குமாம்.

இதை ஷிபினும் எழுதவில்லை, முத்துராணியும் எழுதவில்லை. எழுதமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். நான் எழுதினேன். மதியச் சாப்பாட்டுக்குமுன் முடித்துவிட்டேன். கழுவிக் கழுவிப் பார்க்கிறேன், கை பிசுபிசு என்று இருக்கிற மாதிரியே இருக்கிறது.

சுவரில் அந்த அட்டை இன்னும் இருக்கிறது. அதன் கீழே "முடிந்தது" என்று அவர் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்.

உங்கள் ஊரில் யாரும் பதிவு செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டுவிடலாமா என்று இருக்கிறது. வீட்டுக்கடனை நினைத்தால் தைரியம் போய்விடுகிறது. என்ன செய்ய, சொல்லுங்கள்.

வன்னியராஜ்


சேரன்மகாதேவி
2 மார்ச் 2025

வன்னியராஜ்,

உன் கடிதம் சுஜின் பையில் விடைத்தாள் கட்டுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. அதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

கதிர் முற்றிவிட்டதைப் பார்த்து சுஜினுக்குப் பயம். நான் கால் நகராமல் நாள் பார்த்துக்கொண்டிருந்ததில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. எனக்குத் தெரியாமல் வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் இருந்தே பணம் கட்டிவிட்டார். கட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், கட்டமா, எந்தக் கட்டம் என்கிறார். விடைத்தாளில் ஒரு புள்ளி விட்டுப்போனால் கண்டுபிடிக்கிற மனுஷன்.

நான் வெள்ளிக்கிழமை காலையில், ஒன்றும் தெரியாமல், மனதைத் திடப்படுத்திக்கொண்டு சுடலைவடிவு அக்கா வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு சீப்புப் பழம் வாங்கிக்கொண்டேன். அவள் வாசலில்தான் இருந்தாள். அக்கா, வழி கேட்டு வந்திருக்கிறேன் என்றேன். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே போய்க் கைபேசியை எடுத்துவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நாந்தான் சம்மதம் சொல்லியாச்சாமே. நன்றின்னு வேற போட்டிருக்கிய. பெறவு எதுக்கு இங்கன வந்து நிக்கிய?"

செய்தியின் அடியில் பணம் கட்டியவர் என்று சுஜின் பெயர் இருந்தது. அது நான் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, எங்கள் பணத்தில்தானே அந்தச் செய்தி போயிருக்கிறது? அவள் சத்தம் போடவில்லை. போன தடவை பயிரை மிதித்தீர்கள், அது மழையோடு போச்சு, இந்தத் தடவை என் வாயையும் நீங்களே எடுத்துப் பேசிவிட்டீர்கள் என்றாள். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பழச்சீப்போடு திரும்பி வந்தேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

வண்டியை ரத்து செய்துவிட்டேன். இனி என் வயலில் அண்ணாச்சி வண்டியின் பட்டை படாது. உன்மேலும் அருவருப்பாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. சுஜின்மேல், என்மேல், எல்லார்மேலும். சோற்றைப் பிசைந்தால் எனக்கும் கை பிசுபிசுக்கிறது.

என்ன செய்ய என்று கேட்டிருந்தாய். வேலையை விடுவதும் விடாததும் உன் பாடு, அதில் நான் தலையிடமாட்டேன். ஆனால் ஒன்று செய்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கையாலேயே அறுக்கப்போகிறோம். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. என் அம்மாவும் சுஜினின் அண்ணன் குடும்பமும் ஆராதனைக்குப் போகாமல் வருகிறார்கள். அரிவாள் பிடிக்க உனக்குத் தெரியாது, கட்டுத் தூக்கலாம். முத்துராணி வந்தால் கூட்டிக்கொண்டு வா. தலைக்குச் சும்மாடு கட்ட ஒரு பழைய துண்டு, வேறொன்றும் வேண்டாம்.

கட்டைத் தலையில் வைத்து ரோட்டுக்குக் கொண்டுபோக ஒரே வரப்புத்தான் இருக்கிறது. அது சுடலைவடிவு அக்காவின் வரப்பு. அதில் கால் வைக்கவும் அவளிடம் கேட்க வேண்டும். நான் இனிமேல் கேட்டால் அவள் கதவைத் திறக்கமாட்டாள், அந்தச் செய்தி நான் அனுப்பியது என்றுதான் அவளுக்கு. அதை எழுதியவனே அவளிடம் போகட்டும். நான்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டுக் கேள்.

கால்வாய்ப் பாலம் தாண்டியதும் இடது பக்கம் மூன்றாவது வீடு, வாசலில் மாடு கட்டியிருக்கும். காலையிலேயே வந்துவிடு. முதலில் அங்கே போ, என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள். வயலுக்கு அப்புறம் வரலாம்.

டார்லின் அக்கா